மணல் நிறத்தில் ஓர் ஊர்

2000களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தவர்களுக்கு அந்த ஊர் தலைகீழ்ப் பாடம். மணல்நிறச் சுவர்கள், வளைவு வாசல்கள், ஆளுயர மரப்பெட்டிகள், நட்ட நடுவில் ஓர் இரட்டைக் கதவு. அந்தக் கதவிடுக்கில் நிழலாடினால் போதும், அந்தப் பக்கம் காத்திருக்கும் ஸ்னைப்பர் வெடிக்கும். "டேய், பி-ல மூணு பேர்டா!" என்று பக்கத்து நாற்காலி அலறும். ஊரின் பெயர் டஸ்ட் 2. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடிய எல்லோருக்கும் அது இன்னொரு சொந்த ஊர். அந்த ஊர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது.

1996-ல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'குவேக்' விளையாட்டு வந்தது. அதைப் பிரித்துப்போட்டு வேறு ஆட்டமாகக் கட்டிக்கொள்ள ரசிகர்களுக்கு வழி இருந்தது. அப்படிக் கட்டியதற்கு 'மாட்' என்று பெயர். ஆஸ்திரேலிய இளைஞர்களான ராபின் வாக்கரும் ஜான் குக்கும் இயன் காஃலியும் கட்டிய மாட் 'டீம் ஃபோர்ட்ரஸ்'. ஒருவர் வைத்தியர், ஒருவர் பொறியாளர், ஒருவர் ஸ்னைப்பர் என்று ஆளுக்கொரு வேலை. அதுவரை கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுக்கொண்டு தனியாக ஓடிய ஆட்டத்தில், கூட்டாளி இல்லாமல் ஜெயிக்க முடியாத நிலை வந்தது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் அவர்களை வேலைக்கு அழைத்துக்கொண்டது. 1998-ல் வால்வ் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டும் குவேக்கின் எஞ்சினை வாங்கி மாற்றிக் கட்டியதுதான்.

அந்த ஹாஃப்-லைஃபைப் பிரித்தவர் கனடாவில் படித்துக்கொண்டிருந்த, வியட்நாம் வம்சாவளி மாணவர் மின் லீ. இணையத்தில் பழக்கமான ஜெஸ் கிளிஃப் துணைக்கு வந்தார். அவர்கள் கட்டிய மாடான கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் முதல் சோதனைப் பதிப்பு 1999 ஜூனில் இணையத்தில் வந்தது, இலவசமாக. ரேடியோவில் ஒலிக்கும் அந்த "ஃபயர் இன் த ஹோல்" கிளிஃபின் குரல்தான். ஆனால் அவர்கள் செய்த பெரிய காரியம் வேறு. செத்தவர் உடனே எழுந்து வரமுடியாது. ரவுண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விதி. ஆனால் அணியில் செத்த நாலு பேரும் எழுந்துபோய் உயிரோடிருக்கும் ஐந்தாவது ஆளின் நாற்காலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்த விதியால்தான். அவன் எதிரணி வைத்த குண்டுக்குப் பக்கத்தில் குனிந்து அதைச் செயலிழக்கச் செய்யும் அந்தச் சில நொடிகளில், கடைக்காரர்கூட எட்டிப் பார்ப்பார். அந்த நாட்களை நினைத்து நாம் ஏங்குவதில் பாதி, அந்த நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நின்றதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இனி ஊருக்கு வருவோம். 1999-ல் வால்வ், தான் தயாரித்துவந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2'-இன் படங்கள் சிலவற்றை வெளியிட்டிருந்தது. பாலைவன ஊர், வெயில் அடிக்கும் சுவர்கள், வளைவுகள். இங்கிலாந்தில் டேவிட் ஜான்ஸ்டன் என்ற பதின்வயதுப் பையன் அதைப் பார்த்து மயங்கினார். ஆட்டம் வரும்வரை பொறுக்கவில்லை. படத்தில் இருந்ததைப் பார்த்து, கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு ஓர் ஊர் கட்டினார். சுவர்ப் பூச்சுகளை கிறிஸ் ஆஷ்டன் செய்துகொடுத்தார். அதுதான் முதல் 'டஸ்ட்'. படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்பதை ஜான்ஸ்டன் பிற்பாடு தானே விரிவாக எழுதியிருக்கிறார். மூலமான டீம் ஃபோர்ட்ரஸ் 2 வந்து சேர்ந்ததோ 2007 அக்டோபரில், கார்ட்டூன் தோற்றத்தோடு. அந்தப் பாலைவன ஊர் அதில் இல்லை. நகல் மட்டும் நிலைத்துவிட்டது.

2001 மார்ச்சில் ஜான்ஸ்டன் டஸ்ட் 2-ஐக் கொடுத்தார். பாதைகள் எட்டு என்ற எண்ணைப் போலச் சுற்றிவந்து நடுவில் உரசிக்கொள்ளும். எந்தப் பக்கம் போனாலும் எதிரி எங்கே வருவான் என்று ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் டெக்சஸின் டல்லாஸில் நடந்த சிபிஎல் கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஸ்வீடன்காரர்களின் 'நின்ஜாஸ் இன் பஜாமாஸ்' கோப்பையை வென்றது. பைஜாமா போட்ட நின்ஜாக்கள்! நண்பர்கள் கூடிச் சிரித்துப் பெயர் வைத்த காலம் அது.

நம் ஊருக்கு இந்த விளையாட்டு கப்பலிலும் வரவில்லை, கடையிலும் வரவில்லை. யாரோ ஒருவர் சிடியில் கொண்டுவந்தார். ஹாஸ்டல் லேன் நெட்வொர்க்கில் ஒரே இரவில் எல்லா அறைக்கும் பரவியது. பிறகு பென்டிரைவில் ஊர் ஊராகப் போனது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதே அதன் பெரிய பலம். 2004-ல் பளபளப்பான 'சோர்ஸ்' பதிப்பு வந்தபோதும் நம் கம்ப்யூட்டர்கள் அதைத் தாங்கவில்லை. பழைய பதிப்பின் 1.6 என்ற எண்ணே ஒரு தலைமுறைக்கு விளையாட்டின் பெயராகிவிட்டது.

நகலுக்கும் நகல்கள் வந்தன. 2007-ல் தென்கொரியாவில் பிறந்த 'கிராஸ்ஃபயர்' அதே எலும்புக்கூட்டோடு சீனாவைப் பிடித்தது. 2020-ல் வந்த 'வேலரன்ட்' மந்திர தந்திரங்களைச் சேர்த்துக்கொண்டது; ஐந்துக்கு ஐந்து, குண்டு, ரவுண்டுக்கு ரவுண்டு காசு எல்லாம் பழையதுதான். ஜெர்மானியக் கலைஞர் ஆராம் பார்த்தோல், முதல் டஸ்ட்டை நிஜ அளவில் கான்கிரீட்டில் கட்டி, மக்கள் நடந்துபோக விடவேண்டும் என்றே ஒரு திட்டம் போட்டார். எனக்கு அது கொஞ்சமும் கிறுக்குத்தனமாகப் படவில்லை. போய்வர ஆசைப்படும் ஊரைக் கட்டத்தானே வேண்டும்?

2023 மார்ச்சில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஐச் சோதித்துப்பார்க்க வால்வ் சிலருக்குத் திறந்துவிட்டது. முதலில் கொடுத்தது ஒரே ஓர் ஊர்: டஸ்ட் 2. பூச்சு புதிது, வெயில் புதிது. இரட்டைக் கதவின் இடுக்கு மட்டும் பழைய இடத்தில் இருந்தது. நான் விளையாடியபோது கை தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. ஹெட்செட்டில், இப்போது வேறு ஊரில் குடியிருக்கும் அதே பழைய குரல்: "டேய், பி-ல மூணு பேர்டா!"