மூன்று பென்ஸ் வரி

நம் அங்கத்தினர்களில் பலர் பிள்ளை, பெண்ணைப் பார்க்க அமெரிக்கா போய் வருகிறவர்கள். வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் வர்ஜீனியாவில் உள்ள மான்டிசெல்லோவையும் பார்த்திருக்கக் கூடும். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் வாழ்ந்த இடம் அது. அவருடைய சமாதியும் அங்கேதான். கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்பதை அவரே எழுதி வைத்திருந்தார். எட்டு ஆண்டுகள் ஜனாதிபதியாக இருந்தது அதில் இல்லை. சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டத்தை எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை என்ற மூன்று மட்டுமே உள்ளன. ஒரு மாநிலச் சட்டத்துக்கு ஜனாதிபதி பதவியை விட என்ன பெருமை என்று கேட்கத் தோன்றும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வர்ஜீனியாவின் அரசாங்க மதம் இங்கிலாந்துத் திருச்சபை. பாதிரியாரின் சம்பளம் புகையிலையாகத் தரப்பட்டது. 1748-ம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 16,000 பவுண்டு, அதாவது சுமார் 7,250 கிலோ. அந்தச் சபையைச் சேராதவர்களும் இதற்கு வரி கட்டியாக வேண்டும். பாப்டிஸ்ட் பிரிவினர் அரசிடம் உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தபோது, அமைதியைக் குலைத்ததாக 1768 முதல் அவர்களைச் சிறையில் அடைக்கத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் அயர்லாந்து என்ற இளம் போதகர் கல்பெப்பர் ஊர்ச் சிறையின் கம்பி வழியாகவே பிரசங்கம் செய்தார். மிளகாயும் கந்தகமும் எரித்துத் தன்னை மூச்சுத் திணற வைக்கப் பார்த்தார்கள் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பக்கத்து மாவட்டத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் மாடிசன் இதையெல்லாம் பார்த்துக் கொதித்துப் போனார். அவர் பாப்டிஸ்ட் அல்ல. அரசாங்கத் திருச்சபையின் குடும்பத்தில் பிறந்தவர். 1776-ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் தயாரானபோது அவருக்கு வயது 25. வரைவை எழுதிய ஜார்ஜ் மேசன் மத விஷயத்தில் 'முழுமையான சகிப்பு' என்று போட்டிருந்தார். மாடிசன் அதை மாற்றி, மதத்தைச் சுதந்திரமாக அனுசரிக்க எல்லோருக்கும் சமமான உரிமை உண்டு என்று ஆக்கினார். சகிப்பு என்றால் சகிப்பவர் மேலே இருக்கிறார். இன்று கொடுத்ததை நாளை திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு சொல் திருத்தம் போதும், அந்த இளைஞரின் கூர்மைக்கு.

ஜெஃபர்சன் 1777-ல் எழுதிய மத சுதந்திர மசோதா 1779-ல் சட்டசபைக்கு வந்து, அப்படியே கிடப்பில் போடப்பட்டது. கிடப்பில் போடும் கலை நம் நாட்டு அலுவலகங்களுக்கு மட்டும் சொந்தமல்ல!

உண்மையான சோதனை 1784-ல் வந்தது. யுத்தம் முடிந்து, ஜனங்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்ற கவலை எங்கும் பரவியிருந்தது. கிறிஸ்தவ மத போதகர்களுக்காக ஒரு பொது வரி விதிக்கும் மசோதாவைப் பேட்ரிக் ஹென்றி ஆதரித்தார். இவரே 1763-ல் இளம் வக்கீலாக இருந்தபோது, சம்பளப் பாக்கி கேட்டு வழக்குப் போட்ட ஒரு பாதிரியாருக்கு எதிராக வாதாடி, நஷ்ட ஈட்டை ஒரே ஒரு பென்னியாகக் குறைக்க வைத்தவர் என்பது வேடிக்கை.

மசோதாவைப் படித்தால் குற்றம் சொல்லத் தோன்றாது. எந்த ஒரு பிரிவுக்கும் தனிச் சலுகை இல்லை. வரி கட்டுகிறவர் தன் பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று தானே குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் கல்விக்குப் போகும். ஜார்ஜ் வாஷிங்டன்கூடக் கொள்கை அளவில் இதில் தவறில்லை என்றே கருதினார். அரசுக் கோப்புகளோடு பல ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி எல்லோரையும் சமாதானப்படுத்தும் வரைவுதான் சுலபமாகக் கையெழுத்தாகும். இத்தகைய வரி வேண்டும் என்ற தீர்மானம் 47-க்கு 32 என்ற கணக்கில் நிறைவேறியும்விட்டது.

அதற்குள் ஹென்றி கவர்னராகிச் சட்டசபையை விட்டு வெளியேறினார். மாடிசன் தரப்பு இறுதி ஓட்டெடுப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்து, ஜனங்களின் கருத்தைக் கேட்க வைத்தது. 1785 கோடையில் மாடிசன் தன் பெயர் போடாமல் 15 காரணங்கள் கொண்ட ஒரு விண்ணப்பத்தை எழுதினார். அதன் சாரம் இதுதான்: மதத்துக்காக ஒரு பிரஜையிடம் மூன்று பென்ஸ் கட்டாயமாக வாங்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றால், எந்தச் சபைக்கும் எல்லா விதத்திலும் அடங்கி நட என்று சொல்லும் அதிகாரமும் அதற்கு உண்டு. தொகை சிறிது என்பது பதில் ஆகாது. அரசு ஆதரவு மதத்துக்கே கெடுதல் என்றும் அவர் வாதிட்டார். பதினைந்து நூற்றாண்டு ஆதரவில் விளைந்தது குருமார்களின் சோம்பலும் கர்வமும், ஜனங்களின் அறியாமையுமே என்றார்.

அந்த விண்ணப்பத்துக்கு 1,552 கையெழுத்துகள் கிடைத்தன. ஆனால் பக்தர்கள் சுற்றுக்கு விட்ட இன்னொரு விண்ணப்பத்துக்குக் கிடைத்தது சுமார் 4,900. அரசுப் பணம் வேதத்தின் வழிக்கே விரோதம் என்பது அவர்கள் கட்சி. மத சுதந்திரம் என்றாலே நாஸ்திகர்களின் வேலை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். சிறையில் மிளகாய்ப் புகை குடித்த கூட்டம், வரியில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்ன பிறகும் வேண்டாம் என்றது.

ஹென்றியின் மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் மடிந்தது. சூட்டோடு சூடாக மாடிசன் ஜெஃபர்சனின் பழைய மசோதாவைத் தூசி தட்டி எடுத்தார். 1786 ஜனவரி 16-ல் அது சட்டமாயிற்று. எந்த வழிபாட்டுக்கும் வரவோ பணம் கொடுக்கவோ எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மத நம்பிக்கையை வைத்து ஒருவரின் குடியுரிமைகள் கூடவோ குறையவோ கூடாது என்பது அதன் உள்ளடக்கம். ஜெஃபர்சன் அப்போது பாரீஸில் தூதராக இருந்தார். மூன்று ஆண்டுகளில் அமெரிக்க அரசியல் சட்டத்துக்கான முதல் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவரும் மாடிசன்தான். அது 1791-ல் அமலாயிற்று. எல்லா மாநிலங்களும் உடனே பின்பற்றவில்லை. மாசசூசெட்ஸ் தன் சர்ச் வரியைக் கைவிட 1833 ஆயிற்று. மனசாட்சியின் சுதந்திரத்தைப் பேசிய இந்த இருவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நமக்கு நேரடியாக வரும் விஷயம் ஒன்று. சட்டத்தின் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கச் சிலர் திருத்தம் கொண்டு வந்து தோற்றார்கள். 1821-ல் எழுதிய சுயசரிதையில் ஜெஃபர்சன் இதைக் குறிப்பிட்டு, யூதர், கிறிஸ்தவர், முகமதியர், எந்த நம்பிக்கையும் இல்லாதவர் ஆகியோரோடு ஹிந்துவையும் பெயர் சொல்லிச் சேர்த்து, எல்லோருக்கும் இதே பாதுகாப்பு என்கிறார். அன்று வர்ஜீனியாவில் ஹிந்துக்கள் என்று ஒரு சமூகமே கிடையாது. இன்று அதே மாநிலத்தில் சான்ட்டிலியில் ராஜதானி மந்திர் இருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தின் 27-வது பிரிவும் மூன்று பென்ஸ் விஷயம்தான்: குறிப்பிட்ட எந்த ஒரு மதத்தையும் வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. 'குறிப்பிட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா மதங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறேன் என்று ஹென்றியைப் போல ஒருவர் வரி விதித்தால் இந்தப் பிரிவு தடுக்குமா? நம் அங்கத்தினர்களில் வக்கீல்கள் நிறைய உண்டு. அடுத்த இதழுக்கு யாராவது எழுதினால் ஆவலோடு படிப்பேன்.