நீர்வர்ணத்தில் அன்றாட வாழ்வு (யாழ்ப்பாணம்)

நீரில் கரையும் வர்ணத்தால் தொழில், சந்தை, வீடு, தெரு முதலான வழக்கமான காட்சிகளைக் கடதாசியில் தீட்டும் மரபு. தமிழர் வாழும் நிலங்களில் இது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் கேட்டு வாங்கும் பொருளாகப் பரவியது. யாழ்ப்பாணத்தில் இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

தொடக்ககால ஓவியங்களில் மனிதர் இருந்தார்கள், ஊர் இருக்கவில்லை. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தீட்டப்பட்ட ஆல்பங்களைப் பார்த்தால் இது விளங்கும். குயவர், கொல்லர், நெசவாளர், பாம்பாட்டி என ஒவ்வொரு ஏட்டிலும் கணவனும் மனைவியும் சோடியாக நிற்பார்கள். கையில் தொழிற்கருவி, காலடியில் ஒரு கீற்றுத் தரை, மேலே வெறும் வானம். எந்தத் தெருவில் நிற்கிறார்கள் என்று கேட்டால் படத்தில் விடை கிடையாது. உடையின் கரை, நகை, நெற்றிக்குறி எல்லாம் நுணுக்கமாக உண்டு. முகங்களோ பெரும்பாலும் ஒரே முகந்தான். வாங்குபவருக்கு வேண்டியது சாதிப் பட்டியல். ஓவியர் அதைத்தான் கொடுத்தார். கடதாசி பல வேளை இங்கிலாந்திலிருந்து வந்தது; வர்ணத்தைப் பிசினில் குழைத்துத் தடிப்பாகப் பூசும் கைப்பழக்கம் உள்ளூருடையது. திருச்சிராப்பள்ளியில் இதே பாணி, ஒளி ஊடுருவும் காக்காப்பொன் தகட்டின்மேல் செய்யப்பட்டது.

இத்தகைய ஆல்பங்களில் ஒன்று யாழ்ப்பாணத்தோடு சுற்றி வளைத்து உறவுடையது. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிசன், 1834இல் இங்கிருந்தே ஆட்களை அனுப்பி மதுரையில் கிளை அமைத்தது. அந்த மதுரை மிசனின் ஆங்கிலப் பாடசாலையில் எழுத்துப் பயிற்றிய இந்திய ஆசிரியர் ஒருவர் 1837இல் தொகுத்த எழுபத்திரண்டு சாதி மாதிரிகள், காக்காப்பொன்னில் தீட்டப்பட்டவை, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தொகுத்தவரை அவருடைய தொழிலால் மட்டுமே குறித்திருக்கிறார்கள். ஆல்பத்தைப் பரிசாகப் பெற்ற வில்லியம் ட்வைனிங் பாதிரியாருக்குப் பெயர் உண்டு.

இலங்கையில் ஆரம்பம் ஒல்லாந்தர் காலத்தது. 1785–86இல் இங்கே தங்கிய லுத்தரன் போதகர் யான் பிராண்டஸ் விற்பதற்காக வரைந்தவரல்லர். பயணத்தில் கண்டதையெல்லாம் நீர்வர்ணத்தில் பதிந்துகொண்டவர். அதனாலேயே அவர் ஏடுகளில் மனிதருக்குப் பின்னால் இடமும் தென்படுகிறது. புதுச்சேரியில் பிறந்த ஹிப்போலிட் சில்வாவ் கொழும்பில் பல இன மக்களின் உடைகளைத் தீட்டினார். 1846இல் கொழும்பு அக்கடமிக்குச் சித்திரம் கற்பிக்க வந்த அயர்லாந்துக்காரர் அன்ட்ரூ நிக்கலும், பறங்கியரான ஜே. எல். கே. வான் டோர்ட்டும் (1831–1898) அடுத்த கட்டத்துக்குரியவர்கள். வான் டோர்ட் கேலிச்சித்திரமும் போட்டவர். தெருவில் நடப்பவரின் கோணல் நடையைப் பிடிக்கும் கண் அவருக்கு இருந்தது.

ஐரோப்பாவில் 1781இல் பரிசு பெற்ற ரீவ்ஸின் வர்ணக் கட்டிகளும், 1832இல் தொடங்கிய வின்சர் அன் நியூட்டன் நிறுவனத்தின் பெட்டிகளும் பரவியபின் ஓவியருக்கு நிறம் அரைக்கும் வேலை இல்லாமல் போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்காரலாம் என்றாயிற்று. இந்தப் பழக்கம் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகள் வழியாகக் கிராமங்களை எட்டியது.

யாழ்ப்பாணத்துக்கு அது வந்த வழி கல்வித் திணைக்களம். 1920இல் சித்திரப் பரிசோதகராக இலங்கை வந்த சார்ல்ஸ் பிறீகுரோவ் வின்சர், பிள்ளைகள் அச்சுப்படங்களைப் பார்த்துப் பிரதிசெய்வதை விட்டுச் சுயமாக வரைய வேண்டும் என்று நின்றார். அவர் பெயரால் ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார் (வர்ணப் பெட்டி நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை). கழகத்தில் கூடியவர்கள் பெரும்பாலும் சித்திர ஆசிரியர்கள். நிலக்காட்சி, உருவப்படம், நிலைப்பொருள் ஆகியன அவர்களுக்குப் பிடித்த வகைகள். கொழும்பில் 1943இல் தோன்றிய 43 குழு என்ற ஓவியர் கூட்டத்தின் துணிச்சல் இவர்களிடம் இல்லை என்று குறை சொல்வதுண்டு. குறை உண்மையே. ஆயினும் தம் ஊரைத் தாமே உட்கார்ந்து பார்த்தவர்கள் இவர்கள்.

பார்ப்பதற்கு ஊரில் பொருள் இருந்தது. யாழ் நகருக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியில் உள்ள கொக்குவிலை எடுத்துக்கொண்டால் கிடுகு வேலி, படலை, துலாக் கிணறு, வடலி, புகையிலைத் தோட்டம், ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றும் கொட்டில். இந்த ஊரின் வெயில் நீர்வர்ணத்துக்குக் கடினமானது. வெளிச்சத்தைப் பூச முடியாது. கடதாசியின் வெண்மையை விட்டுவைத்தே காட்ட வேண்டும். பூச்சு வேறு மளமளவென்று காய்ந்துவிடும். செம்மண்ணையும் கிடுகின் சாம்பல் நிறத்தையும் ஒரே ஈரத்தில் ஒட்டவைக்கும் கைக்குத் தயங்க நேரமில்லை.

குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு (1933–2000) இந்தப் பார்வையை மாற்றினார். கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் பயின்று திரும்பிய அவர் பல ஊடகங்களில் இயங்கியவர். உருவத்தைக் கோட்டால் உடைத்து அடுக்கினார். இளையோருக்குத் தொடர்ந்து கற்பித்தார். 1987இல் வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ அவரைச் சிறப்பித்த மலர்.

1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. கொக்குவிலும் அதில் அடக்கம். கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துச் சென்ற மக்களுக்குச் சட்டமிட்ட படம் முதற்பொருளாக இருந்திருக்க முடியாது. நீர்வர்ணக் கடதாசி கறையானுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. ஆகவே இத்துறையின் வரலாற்றில் படங்களைவிடப் பெயர்களே அதிகம் எஞ்சியுள்ளன. ஓவியர் தா. சனாதனனின் ‘த இன்கம்ப்ளீற் தோம்பு’ (2011) என்ற நூல், இடம்பெயர்ந்த 80 பேர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களை அடிப்படையாகக் கொண்டது. அதன் ஓவியங்கள் உலர் பாஸ்ரலில் ஆனவை. கருப்பொருளால் மட்டுமே அது இம்மரபுக்கு நெருக்கமானது.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடம் இராமநாதன் வளாகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டநெறியாக உள்ளது. பாடசாலைப் பரீட்சையிலும் சந்தை, திருவிழா போன்ற தலைப்புகள் தொடர்கின்றன; ஆனால் மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் போஸ்ரர் கலர். பிழைத்த இடத்தின்மேல் இன்னொரு பூச்சுப் பூசலாம், நேரத்துக்குள் படத்தை முடித்துவிடலாம் என்பதே காரணம்.