வரி கட்டுகிறவர் யார், விலக்குப் பெறுகிறவர் யார்?

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பட்டியல் சாதி மாணவியின் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. அதை மெய்ப்பிக்க அவர் வருமானச் சான்று வாங்க வேண்டும். சாதிச் சான்றும் ஆதாரும் வங்கிக் கணக்கு விவரமும் தர வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் தந்தையின் வருமானத்தைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஓர் ஆவணத்தில் ஓர் எழுத்து பிழையானாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

அதே நாட்டில் ஓர் அரசியல் கட்சி, 20,000 ரூபாய்க்கு மிகாத நன்கொடையைத் தந்தவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியதில்லை. சட்டம் கூறும் நிபந்தனைகளை நிறைவேற்றினால், திரட்டிய நன்கொடைக்கு வருமான வரியும் இல்லை.

அரசியல்வாதிகளின் சலுகைகள் மீதும் வரி ஏய்ப்பின் மீதும் மக்களிடையே பெருகிவரும் கோபத்தை இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது யாருடைய கோபமாகப் பேசப்படுகிறது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் ‘வரி செலுத்துவோர்’ என்றால் மாத ஊதியத்தில் வருமான வரி பிடிக்கப்படும் நடுத்தர வர்க்கத்தினர் என்றே பொருள். அவர்களுடைய பணத்தை ஒருபுறம் அரசியல்வாதிகளும் மறுபுறம் ‘இலவசம்’ பெறும் ஏழைகளும் தின்கிறார்கள் என்று கதை முடிந்துவிடுகிறது. உதவித்தொகையும் விடுதியும் ரேஷன் அரிசியும் பிறர் போட்ட பிச்சை என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. முதலில் இந்தக் கதையைத் திருத்தியாக வேண்டும்.

வரி செலுத்தாதவர் எவருமில்லை

வரிகள் இருவகைப்படும். வருமானத்தின் மீது விதிக்கப்படுவது நேரடி வரி. பொருளின் விலையிலும் சேவைக் கட்டணத்திலும் கலந்திருப்பது மறைமுக வரி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி இரண்டாம் வகையைச் சார்ந்தது. பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் அவ்வகையே.

கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி செலுத்துகிறோம். 2022 ஜூலையிலிருந்து, 25 கிலோ வரை பையிலடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி உண்டு. 2025 செப்டம்பர் 22இல் வரி அடுக்குகள் மாற்றப்பட்டுச் சோப்பு, பற்பசை போன்றவற்றின் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் வரி நீங்கிவிடவில்லை. மறைமுக வரி வாங்குபவரின் வசதியைப் பார்ப்பதில்லை. ஒரே சோப்புக்குத் தொழிலதிபரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே தொகையைத்தான் வரியாகச் செலுத்துகின்றனர். வருமானத்தோடு ஒப்பிட்டால், அந்தச் சுமை பணியாளரின் தோளில்தான் மிகுதியாக அழுத்துகிறது.

இந்த அநீதியை அண்ணல் அம்பேத்கர் மிக முன்னரே சுட்டிக்காட்டினார். 1927இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசிய அவர், வருமான வரிக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதற்குக் கீழே ஈட்டுவோர் வரி கட்டுவதில்லை. நில வரிக்கோ அத்தகைய வரம்பு இல்லை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் சிறு விவசாயி கட்டியாக வேண்டும் என்று வாதிட்டார். வரி செலுத்தும் திறனுக்கேற்ப வரி என்ற கோட்பாட்டை அவர் வலியுறுத்தி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகிறது.

மேல்தட்டினர் மீதான வரிகளோ இதே காலத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பெருஞ்சொத்துகள் வாரிசுகளுக்குச் செல்லும்போது விதிக்கப்பட்ட வரி 1985இல் நீக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் செல்வ வரி ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை, பிற சலுகைகளைக் கோராத நிறுவனங்களுக்கு, 22 விழுக்காடாகக் குறைத்தனர். நிலமும் சொத்தும் சாதி வழியாகக் கைமாறும் ஒரு சமூகத்தில், வாரிசுச் சொத்துக்கு வரியில்லை என்பது சாதியின் பொருளாதார அடித்தளத்திற்கு அளிக்கப்பட்ட விலக்கேயாகும்.

அமைச்சரின் வரியை மக்கள் கட்டிய வரலாறு

உத்தரப் பிரதேசத்தில் 1981இல் அமைச்சர்களின் ஊதியம் பற்றிய ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதலமைச்சரும் அமைச்சர்களும் செலுத்த வேண்டிய வருமான வரியை அரசுக் கருவூலமே செலுத்தும். அப்போதைய முதலமைச்சர் வி.பி.சிங், அமைச்சர்களுள் பலர் எளிய பின்னணியிலிருந்து வந்தவர்கள் என்று அதற்குக் காரணம் கூறினார். பின்னர் அமைச்சர்களின் பிரமாணப் பத்திரங்களில் கோடிக்கணக்கான சொத்துகள் இடம்பெறத் தொடங்கிய பின்னும் சட்டம் அப்படியே இருந்தது.

2019 செப்டம்பரில் இச்செய்தி நாளிதழில் வெளியானதும் எழுந்த எதிர்ப்பால் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், காங்கிரஸ், பாரதிய ஜனதா, சமாஜ்வாதி என எக்கட்சி ஆட்சியிலும் அது நீக்கப்படவில்லை. மாயாவதி நான்கு முறை முதலமைச்சராக இருந்த காலத்திலும் நீக்கப்படவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்டல் குழுப் பரிந்துரையைச் செயல்படுத்திய வி.பி.சிங்கின் பங்களிப்பை நாம் மதிக்கிறோம். அதே வி.பி.சிங்தான் 1985இல் நிதியமைச்சராக இருந்து வாரிசுச் சொத்து வரியை நீக்கினார் என்பதும் வரலாறு.

இது ஒரு மாநிலத்தின் விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பஞ்சாபிலும் இத்தகைய ஏற்பாடு 2018 வரை இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் இருந்துவந்த விதியை 2024 ஜூனில்தான் அமைச்சரவை நீக்கியது. வரி விதிக்கும் அதிகாரம் கொண்டவர்கள் தம் வரியை மட்டும் மக்களிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். இதில் சட்ட மீறல் ஏதுமில்லை. சட்டமே அவ்வாறு எழுதப்பட்டிருந்தது.

இருவகை ஓய்வூதியம்

2025 மார்ச் 24இல் வெளியான அறிவிக்கையின்படி, நாடாளுமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு அது வழங்கப்பட்டது. அமர்வு நாட்களுக்கான தினப்படி 2,500 ரூபாய். இவற்றுடன் தொகுதிப் படி, அலுவலகப் படி, ஆண்டுக்கு 34 விமானப் பயணங்கள், இலவச ரயில் பயணம், வீடு, 50,000 யூனிட் மின்சாரம் ஆகியவை உண்டு. ஊதியத்துக்கு வருமான வரி உண்டு. தினப்படிக்கும் தொகுதிப் படிக்கும் விலக்கு உண்டு.

முன்னாள் உறுப்பினரின் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக உயர்ந்தது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதலாக மாதம் 2,500 ரூபாய் கிடைக்கும். 2018இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, ஊதியமும் ஓய்வூதியமும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாமாகவே உயரும்.

இதே நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும் மற்றோர் ஓய்வூதியம் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கான இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில், 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் அது 200 ரூபாய்தான். தமிழ்நாட்டில் மாநில அரசின் பங்கு சேர்ந்து 1,200 ரூபாய் கிடைக்கிறது. விலைவாசிக் குறியீடு முன்னாள் உறுப்பினரின் ஓய்வூதியத்தை உயர்த்துகிறது. நிலமற்ற கூலித் தொழிலாளியின் முதுமைக்கு அந்தக் குறியீடு பொருந்துவதில்லை.

கட்சிகளுக்கான விலக்கும் அதன் ஓட்டைகளும்

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 1978இல் சேர்க்கப்பட்ட 13ஏ பிரிவு, அரசியல் கட்சிகளின் நன்கொடை, வாடகை, வட்டி முதலிய வருமானங்களுக்கு விலக்கு அளித்தது. கணக்குகளைப் பராமரித்தல், தணிக்கை செய்தல், 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையாளர்களின் பட்டியலை அளித்தல் ஆகியவை நிபந்தனைகள். 2017இல் ரொக்க நன்கொடையின் வரம்பு 2,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ரொக்கமல்லாத வழியில் நன்கொடை தருபவரும் அந்தத் தொகைக்கு வரிக்கழிவு பெறலாம்.

இந்தக் கழிவுதான் வரி ஏய்ப்பின் வாயிலாக மாறியது. பதிவு பெற்ற ஆனால் அங்கீகாரம் பெறாத கட்சிகளுள் சில, காசோலையாக நன்கொடை பெற்று, தரகை எடுத்துக்கொண்டு, மீதியை ரொக்கமாகத் திருப்பித் தந்தன என்ற குற்றச்சாட்டின் பேரில் 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. ஆறாண்டுகளாக எந்தத் தேர்தலிலும் போட்டியிடாத நூற்றுக்கணக்கான கட்சிகளை 2025இல் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது.

பெரிய ஓட்டையோ சட்டத்தின் பெயராலேயே திறக்கப்பட்டது. 2018இல் அறிமுகமான தேர்தல் பத்திரத் திட்டத்தில் நன்கொடையாளரின் பெயரை வாக்காளர் அறிய முடியாது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. பின்னர் வெளியான விவரங்களின்படி, அதிகத் தொகை பெற்றது பாரதிய ஜனதா கட்சி. அது 2019 ஏப்ரல் முதல் பெற்றது 6,000 கோடி ரூபாய்க்கு மேல். அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்; தொகை 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்துக்குச் சென்றது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பகுஜன் சமாஜ் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் பத்திரம் வழியாக நிதி பெறவில்லை.

தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்புகளே என்று 2013 ஜூன் 3இல் மத்தியத் தகவல் ஆணையம் தீர்ப்பளித்தது. அதை அக்கட்சிகள் ஏற்றுச் செயல்படவில்லை.

ஊதியமே கூடாது என்பது நம் கோரிக்கையா?

கோபத்தின் உச்சத்தில், ‘அரசியல்வாதிக்குச் சம்பளமே தரக்கூடாது, சேவைதானே’ என்ற குரல் எழுகிறது. நாம் இதை ஏற்க முடியாது. 1937இல் பம்பாய்ச் சட்டப்பேரவையில் அமைச்சர்களுக்கு மாதம் 500 ரூபாய் ஊதியம் என்ற மசோதாவை விவாதித்தபோது, அம்பேத்கர் அதனை விமர்சித்தார். குறைந்த ஊதியத்தைத் தியாகமாகக் கொண்டாடுவதைவிட, திறமை, ஜனநாயகம், நிர்வாகத் தூய்மை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். ஊதியமில்லாத சட்டமன்றத்தில் நிலமும் தொழிலும் உள்ளவர் மட்டுமே அமர முடியும். தனித்தொகுதியில் வென்று வரும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு ஊதியம் தேவை.

சிறு நன்கொடை குறித்தும் இதே நிதானம் வேண்டும். ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் வேலை செய்பவர் ஒரு தலித் கட்சிக்கு நூறு ரூபாய் தந்தது வெளியே தெரிந்தால் அவர் வேலையை இழக்கக்கூடும். அவருடைய பெயரைக் காப்பதும் நிறுவனங்களின் கோடிகளை மறைப்பதும் ஒன்றாகா. நாம் எதிர்ப்பது ஊதியத்தையோ உண்டியலையோ அன்று. பெருந்தொகையின் இரகசியத்தையும், தமக்குத்தாமே விலக்கு எழுதிக்கொள்ளும் அதிகாரத்தையுமே எதிர்க்கிறோம்.

நம் பங்கு எங்கே?

வரி ஏய்ப்பால் குறையும் வருவாயின் பாதிப்பு முதலில் யாரை அடைகிறது என்பதற்குப் பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்தின் வரலாறே சான்று. 1979-80இல் சிறப்பு உட்கூறு திட்டமாகத் தொடங்கிய இதன் நோக்கம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதியைத் தனியே ஒதுக்குவது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. ஆனால் 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்த நிதியில் பல நூறு கோடி ரூபாயை டெல்லி அரசு திருப்பிவிட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அம்பலமானது. கர்நாடகத்தில் 2023-24இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியிலிருந்து 11,000 கோடி ரூபாய்க்கு மேல் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குச் சென்றது. பயனாளிகளில் தலித்துகளும் உள்ளனர் என்பது அரசின் விளக்கம். எல்லோருக்குமான திட்டத்தில் தலித்துகளுக்கான தனி நிதியைச் சேர்த்தால், தனி நிதி என்பதற்கே பொருளில்லை. தமிழ்நாட்டில் இந்நிதியைப் பாதுகாக்கும் சட்டம் 2024இல் இயற்றப்பட்டது. அதைக் கண்காணிப்பது நம் பொறுப்பு.

மாணவர்களும் இயக்கங்களும் செய்யக்கூடியவை பல. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களும் கட்சிகளின் ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கின்றன. ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தின் 10ஏ அறிக்கை பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டைத் துறைவாரியாகக் காட்டுகிறது. அவற்றை வாசிக்கும் வட்டங்கள் ஒவ்வொரு விடுதியிலும் உருவாக வேண்டும். உதவித்தொகை தாமதமாகும்போது, எந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணம் எங்கே நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். முதியோர் ஓய்வூதியத்தையும் விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கக் கோரலாம். கட்சிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும் என்பதை, வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் எழுப்பலாம்.

வருமானச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்திருக்கும் மாணவி, அங்கு வந்து சேர ஏறிய பேருந்தின் டீசலுக்கும், கையிலுள்ள பேனாவுக்கும் வரி செலுத்தியிருக்கிறார். அவரும் வரி செலுத்துபவரே. கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.