பெயரற்ற கணக்கும் எண்பெற்ற மனிதரும்: நேட்டால் தமிழரின் பூர்விக ஊரைத் தேடும் முறை

மூதாதையர் இடம்பெயர்ந்த வழியைக் கண்டறிய இங்கிலாந்தில் ஒரு முறை நன்கு வேரூன்றியுள்ளது. அங்கு 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் பெயர்களோடு கிடைக்கின்றன. 1851 முதல் குடும்ப உறவும் பிறந்த ஊரும் அவற்றில் பதிவாகியுள்ளன. ஒரு வீட்டில் மூத்த பிள்ளை ஓரூரிலும் இளையது வேறூரிலும் பிறந்திருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர் நகர்ந்த திசை தெரிந்துவிடும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிலப்படத்தைத் துணைக்கொண்டால் தெருவரை செல்லலாம்.

இந்த முறையை அப்படியே தமிழகத்துக்குப் பொருத்த முயல்வோர் முதல் படியிலேயே தடைபடுகின்றனர். சென்னை மாகாணம் 1871இல் கணக்கெடுக்கப்பட்டது. 1881இல் இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் தொகுப்பு முடிந்தபின் பெயர்கள் கொண்ட படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. எஞ்சியவை அட்டவணைகளும் அறிக்கைகளுமே. பிற்காலப் படிவங்களையும் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி எவரும் பார்வையிட முடியாது. எனவே இங்கே கணக்கெடுப்பு ஆளைக் காட்டாது. வேறு ஆவணம் காட்டும் ஊரைச் சோதித்துப் பார்க்கவே அது உதவும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் பூர்விகத் தேடலைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. ஆளைத் தரும் ஆவணம்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத்தின்கீழ் நேட்டாலில் இறங்கினர். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண் ஒன்று வழங்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா அல்லது தாணா, கிராமம், உடல் அடையாளங்கள் ஆகியவை இடம்பெற்றன. இப்பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியானது.

பெயரைவிட எண்ணே உறுதியான பிடி. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், எண் மாறாது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் பெற்ற விடுதலைச் சான்றிலும் திருமணப் பதிவிலும் அதே எண் தொடர்வதால், நேட்டாலுக்குள் நிகழ்ந்த நகர்வை அதைக்கொண்டே தொடரலாம்: வெருலம் கரும்புத் தோட்டத்தில் தொடங்கியவர் டண்டி நிலக்கரிச் சுரங்கத்துக்கோ ரயில்வேக்கோ சென்றாரா என்று பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் விட்டுவந்த ஊரை அறிய நிலப்படம் தேவை.

2. ஊரைத் தரும் நிலப்படம்

பட்டியலில் ‘வட ஆர்க்காடு’ என்றிருந்தால், இன்றைய நிலப்படத்தைப் பார்த்து வேலூரைச் சுற்றித் தேடுவது பெரும்பிழையாகலாம். 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகரே சித்தூர்தான். அவ்வாண்டு சித்தூர் தனி மாவட்டமானபோது, சேலம் மாவட்டத்திலிருந்த திருப்பத்தூர் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எஞ்சிய வட ஆர்க்காடு 1989இல் இரண்டானது; அவற்றுள் வேலூர்ப் பகுதி 2019இல் மூன்றானது. ஆகவே 1880இல் கப்பலேறிய ‘வட ஆர்க்காட்டுக்காரர்’ ஒருவரின் ஊர் இன்று ஆந்திரத்திலும் இருக்கலாம். அதேபோல் அக்காலச் ‘சேலம்’ என்ற பதிவு இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியது. கப்பல் புறப்பட்ட ஆண்டின் எல்லைகளைக் காட்டும் படமே முதலில் வேண்டும்.

அடுத்த சிக்கல் ஒரே பெயருள்ள ஊர்கள். புதூர், நல்லூர், புதுப்பாளையம் போன்றவை தாலுகாவுக்குத் தாலுகா உண்டு. தாலுகாவாரிக் கிராமப் பட்டியலில் இருந்து பொருந்தும் ஊர்களை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு கப்பல் பட்டியலில் அடுத்தடுத்த எண் கொண்டவர்களைப் பார்க்க வேண்டும். உறவினரும் ஊர்க்காரரும் பெரும்பாலும் சேர்ந்தே பதிவானதால், பக்கத்து எண்காரர் கூறிய ஊர் நிலப்படத்தில் அருகில் அமைந்தால் அந்த ஊரின் வாய்ப்பு வலுப்பெறும்.

ஊர் உறுதியானால் கிராம நிலப்படத்துக்கும் செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும் செல்லலாம். இங்கே இரு வரம்புகள் உண்டு. ரயத்துவாரிக் கிராமங்கள் புல எண் வாரியாக அளக்கப்பட்டன. கார்வேட்டிநகரம், புங்கனூர் போன்ற ஜமீன்களில் அத்தகைய பதிவுகளை அதே அளவுக்கு எதிர்பார்க்க இயலாது. பட்டாதாரர் பெயரே பதிவேட்டில் ஏறியதால், நிலமற்ற பண்ணையாள் அதில் இருக்கமாட்டார். கப்பலேறியவர்களில் பலர் அத்தகையோர். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதைக் கொண்டு அந்த ஊரையே மறுப்பது தவறு.

3. கணக்கெடுப்பின் இடம்

நேட்டாலுக்கு ஆளனுப்புவது 1866இல் நின்று 1874இல் மீண்டும் தொடங்கியது. 1876-78 பெரும் பஞ்சம் அதையடுத்து வந்தது. 1871க்கும் 1881க்கும் இடையே சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சத்திலிருந்து 16 லட்சமாகவும், வட ஆர்க்காட்டில் சுமார் 20 லட்சத்திலிருந்து 18 லட்சமாகவும் சரிந்தது. இவ்வெண்களைக் கண்டதும் ‘எங்கள் பாட்டனார் பஞ்சத்தால் போனார்’ என்று எழுதிவிடுவது குடும்ப வரலாறுகளில் பரவலாக உள்ளது.

அந்த முடிவுக்கு மாவட்டக் கூட்டுத்தொகை போதாது. அச்சரிவில் பெரும்பகுதி இறப்பு. பிறப்புக் குறைவும் இலங்கை உள்ளிட்ட இடங்களுக்குச் சென்றதும் அதில் கலந்துள்ளன. மாவட்டத்தின் சராசரி ஒரு கிராமத்துக்கோ ஒரு குடும்பத்துக்கோ சான்றாகாது. கப்பல் 1877இல் புறப்பட்டதா, மழை மீண்ட பின் 1882இல் புறப்பட்டதா என்பதே முதல் கேள்வி. அதன் பின்னரே தாலுகா அளவிலான மாற்றத்தையும், 1881இல் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மேனுவல், 1883இல் லெ பானு தொகுத்த சேலம் மேனுவல் ஆகியவற்றையும் ஒப்பிட்டு, பஞ்சம் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்ற அளவில் கூறலாம்.

கப்பல் பட்டியல் மட்டும் போதுமே, நிலப்படமும் கணக்கெடுப்பும் எதற்கு என்று கேட்கலாம். பட்டியலில் இருப்பது பதிவின்போது கூறப்பட்ட ஊர். பிறந்த ஊருக்குப் பதில் அருகிலுள்ள சந்தையூரையோ கடைசியாகத் தங்கிய ஊரையோ கப்பலேறியவர் கூறியிருக்கலாம். ஒரே ஆவணம் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளாது.

முடிவு

எண் ஆளைத் தருகிறது; அக்கால நிலப்படம் ஊரைத் தருகிறது; கணக்கெடுப்பு அந்த ஊரின் சூழலைத் தருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கிடைப்பது ஊகம். கப்பல் பட்டியலோடு, அதைச் சாராத இன்னொரு சான்றாவது ஒத்துவந்தாலன்றி எந்த ஊரையும் ‘பூர்விகம்’ என்று பதிப்பிக்கலாகாது; ஒத்துவராதவிடத்து, பொருந்தும் ஊர்கள் அனைத்தையும் தாலுகாவோடு பட்டியலிட்டு, எதை எக்காரணத்தால் விலக்கினோம் என்பதையும் ஆய்வாளர்கள் எழுதிவைக்க வேண்டும்.