வழக்கம் என்னும் ஏகபோகம்



ஏகபோகத்தைப் பற்றிப் பேசப் பழவேற்காட்டுக் கரையைவிடப் பொருத்தமான இடம் நமக்குக் கிடைக்காது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் நாட்டு அரசு தந்த தனி வணிகச் சாசனத்தோடு இங்கே வந்தது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. இங்கிருந்து துணி போனது. மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கம்பெனியின் ஏகபோகத்துக்குச் சாசனமும் கோட்டையும் இருந்ததால் வரலாறு அதை அடையாளம் கண்டது. சாதியின் ஏகபோகத்துக்கு எழுத்து தேவையில்லை. ‘தொன்றுதொட்டு வரும் வழக்கம்’ என்று சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் ஆதாரம் கேட்ட ஒரு வழக்கறிஞரைப் பற்றி இன்று பேசுகிறோம்.

அரசியல் சட்டத்தை வரைந்த அம்பேத்கரை நாம் அறிவோம். வழக்காடிப் பிழைத்த அம்பேத்கரை அவ்வளவாக அறியமாட்டோம். 1923இல் அவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தீண்டப்படாத வழக்கறிஞரிடம் பெரிய வழக்குகள் எளிதில் வரவில்லை. 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

அதே ஆண்டுகளில்தான் மகாத். 1924இல் அந்த நகராட்சி, சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது; தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் தோழர்களும் இறங்கி அந்த நீரைக் குடித்தார்கள். டிசம்பரில் சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கினார்கள். மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டிருந்தும் அம்பேத்கர் ஆணையை மீறாமல் வழக்கை நடத்தினார். இரண்டு நீதிமன்றங்களைத் தாண்டி, 1937 மார்ச் 17 அன்று உயர் நீதிமன்றம் எதிர்த்தரப்பின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நினைவுக்கெட்டாத காலம் முதல் தங்களுக்கே உரிய குளம் என்றவர்களால் அந்த வழக்கத்தை நிரூபிக்க முடியவில்லை.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வழக்கம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். விலக்கப்பட்டவர் தன் தாகத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஏரிக்கு வருவோம். இங்கே வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ முறை உண்டு. அதில் நியாயமும் உண்டு: சண்டை குறையும், ஏரியை வரைமுறையின்றி வாரமாட்டார்கள். பாட்டுக்காரர்களும் செல்வந்தர்கள் அல்லர். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் அவர்களையும் நெருக்குகின்றன. ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? பரம்பரையாக அது பட்டினவர் ஊர்களின் உரிமை. தலித்துகளும் இருளர்களும் வரிசைக்கு வெளியே நிற்கிறார்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குச் சீட்டு இல்லை.

வெளியிலிருந்து வந்த பணத்தைச் சட்டம் ஒருமுறை தடுத்திருக்கிறது. எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கத் தடை விதித்தது. ஏரிக்குள்ளே யாருக்கு என்ன பங்கு என்பது அந்த வழக்கின் கேள்வி அல்ல. 2009இல் நீக்கப்பட்ட 1969இன் ஏகபோகத் தடைச் சட்டம் கம்பெனிகளையும் சந்தைகளையும் பார்த்தது; 2002இன் போட்டிச் சட்டமும் அவற்றையே பார்க்கிறது. பிறப்பால் பூட்டப்பட்ட நீரைப் பார்ப்பதில்லை.

அதைப் பார்க்கிற சட்டம் நம்மிடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் சேர்க்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது என்கிறது. குளத்து வழக்கில் பத்தாண்டு அலைந்தவர் தலைமை தாங்கிய குழு வரைந்த சட்டம் அது.

பாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை நாம். சீட்டுக் குடத்தில் நம் பெயர்களையும் போடச் சொல்கிறோம். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த ஏரிக்காக ஒருநாள் நீதிமன்றப் படி ஏற வேண்டும். அங்கே யாராவது ‘வழக்கம்’ என்றால், ‘நிரூபியுங்கள்’ என்று கேட்கட்டும்.