கொம்பு எதற்கு? – கொம்பு டைனோசர்களின் கதை

சின்ன வயதில் என்னிடம் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் டைனோசர் பொம்மைகள் இருந்தன. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, பெரிய வாய் கொண்ட டி-ரெக்ஸ். இன்னொன்று, மூன்று கொம்புகளோடு காண்டாமிருகம் மாதிரி இருக்கும் ட்ரைசெராடாப்ஸ். இரண்டையும் மோத விடுவதுதான் தினசரி விளையாட்டு. கொம்பு இருப்பதே டி-ரெக்ஸைக் குத்துவதற்குத்தான் என்று முழுசாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் இல்லை, பெரிய பெரிய விஞ்ஞானிகளும் வெகு காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பிறகு எலும்புகளே அந்தக் கருத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றின. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அது ஒரு எருமை!

1887ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பெரிய கொம்பு எலும்புகள் கிடைத்தன. அவை யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓத்னியல் சார்லஸ் மார்ஷ் என்பவருக்கு அனுப்பப்பட்டன. அந்தக் காலத்தில் டைனோசர் என்றாலே மார்ஷ்தான். அவருக்கும் எட்வர்ட் கோப் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் யார் அதிகப் புதைபடிவங்களைக் கண்டுபிடிப்பது என்று பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட மார்ஷ் அந்தக் கொம்புகளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? இது ஒரு பழங்காலக் காட்டெருமை என்றார்! 'பைசன் ஆல்டிகார்னிஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாட்டுக் கொம்பில் உள்ளே எலும்பும் வெளியே நம் நகத்தில் இருக்கும் கெராட்டின் உறையும் இருக்கும். இந்தக் கொம்பும் அதே அமைப்புதான். ஊர்வன இனத்தில் இப்படி ஒரு கொம்பை அதுவரை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. போதாததற்கு, அந்தப் பாறையின் வயதையும் ரொம்பக் குறைவாக நினைத்துவிட்டார்.

அடுத்த வருடமே உண்மை தெரிய ஆரம்பித்தது. மார்ஷுக்காக எலும்பு தேடிக்கொண்டிருந்த ஜான் பெல் ஹாட்சர் 1888இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரரைச் சந்தித்தார். அவருடைய ஆள் ஒருவர், ஓடைக் கரையில் ஒரு பெரிய மண்டையோடு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மாடு பிடிக்கும் சுருக்குக் கயிற்றை அதன் கொம்பில் வீசி இழுத்திருக்கிறார். கொம்பு உடைந்து கையோடு வந்துவிட்டது! அந்தக் கொம்பைப் பார்த்த ஹாட்சர், மீதி மண்டையோட்டையும் தோண்டி எடுத்தார். அதை வைத்து 1889இல் மார்ஷ் 'ட்ரைசெராடாப்ஸ்' என்று பெயரிட்டார். மூன்று கொம்பு முகம் என்று அர்த்தம். எருமை டைனோசராக மாறியது.

கேடயமா, தசைப் பிடிப்பா?

ட்ரைசெராடாப்ஸ் 8 முதல் 9 மீட்டர் நீளம் இருக்கும். யானையை விடக் கனம். கண்ணுக்கு மேலே இரண்டு நீளக் கொம்புகள், மூக்கின் மேல் ஒரு சின்னக் கொம்பு, கிளி மாதிரி அலகு, கழுத்துக்கு மேலே விசிறி போல விரிந்த எலும்புத் தகடு. தலை மட்டுமே 2 மீட்டருக்கு மேல். அது வாழ்ந்த அதே இடத்தில், அதே காலத்தில்தான் டி-ரெக்ஸும் வாழ்ந்தது. ஆகவே கொம்பு ஈட்டி, விசிறி கேடயம் என்ற முடிவுக்கு எல்லோரும் சுலபமாக வந்துவிட்டார்கள். சார்லஸ் நைட் என்ற ஓவியர் சிகாகோவின் ஃபீல்டு மியூசியத்துக்கு வரைந்த சுவரோவியத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்கும். என் பொம்மைச் சண்டையும் அங்கே இருந்து வந்ததுதான் போலிருக்கிறது!

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ட்ரைசெராடாப்ஸின் விசிறி கெட்டியான எலும்பு. அதன் சொந்தக்காரர்கள் பலருக்கோ விசிறியின் நடுவில் இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. தோல்தான் மூடியிருக்கும். ஓட்டைக் கேடயத்தை யாராவது போருக்கு எடுத்துப் போவார்களா?

1908இல் ரிச்சர்ட் லல் என்பவர், தாடைத் தசைகள் பிடித்துக்கொள்ளத்தான் விசிறி வளர்ந்தது என்றார். அந்தத் தசைகள் விசிறியின் அடிப்பகுதியில் பிடித்திருக்கலாம். ஆனால் முழு விசிறிக்கும் அது காரணமாக முடியாது. விடை தேட, இந்தக் குடும்பத்தின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

கொம்பில்லாத தாத்தாக்கள்

ஆச்சரியமான விஷயம், கொம்பு டைனோசர்களின் ஆரம்ப உறுப்பினர்களுக்குக் கொம்பே கிடையாது! சீனாவின் சின்ஜியாங் பகுதியில் கிடைத்து 2006இல் பெயரிடப்பட்ட யின்லாங், சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்தது. நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு காலில் நடந்தது. பிறகு எதை வைத்து இதை இந்தக் குடும்பத்தில் சேர்த்தார்கள்? மேல் அலகின் முனையில் ஒரு தனி எலும்பு இருக்கிறது. எல்லா கொம்பு டைனோசர்களுக்கும் உள்ள குடும்ப அடையாளம் அது. மற்ற டைனோசர் எதற்கும் இல்லை. அதாவது, முதலில் வந்தது அலகு. கொம்பு வந்தது ரொம்பப் பிறகு.

மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் 1922இல் கண்டெடுக்கப்பட்ட ப்ரோட்டோசெராடாப்ஸ் ஓர் ஆட்டின் உயரம்தான். இதற்கு நல்ல விசிறி உண்டு, கொம்பு இல்லை. இதை ட்ரைசெராடாப்ஸின் நேரடி மூதாதை என்று நினைத்துவிட வேண்டாம். புருவக் கொம்புகளோடு அமெரிக்காவில் கிடைத்த சூனிசெராடாப்ஸ் இதற்கும் முன்பே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்துவிட்டது. (அதன் எலும்பை 1996இல் முதலில் பார்த்தது 8 வயதுப் பையன்!) ஆகவே ப்ரோட்டோசெராடாப்ஸ் தாத்தா இல்லை, சித்தப்பா முறை.

கோபியில் 1923இல் நிறைய முட்டைகள் கிடைத்தன. அங்கே ப்ரோட்டோசெராடாப்ஸ் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்ததால், முட்டையும் அதனுடையதே என்று முடிவு செய்தார்கள். முட்டைகளின் மேல் கிடந்த வேறொரு டைனோசருக்கு 'ஓவிராப்டர்', அதாவது முட்டைத் திருடன் என்று பெயர் வைத்தார்கள். 1993இல் அதே மாதிரி முட்டைக்குள் ஒரு கரு கிடைத்தது. பார்த்தால் அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு! திருடன் என்று சுமார் 70 வருடம் பழி சுமந்த ஜீவன், தன் முட்டையை அடைகாத்த தாயாகவோ தந்தையாகவோ இருந்திருக்கலாம். நிஜமான ப்ரோட்டோசெராடாப்ஸ் முட்டைகளை ஆராய்ந்து, அவற்றின் ஓடு மென்மையானது என்று 2020இல் தெரிவித்தார்கள்.

அதே கோபியில் 1971இல் இன்னொரு அதிசயம். ஒரு வெலாசிராப்டரும் ஒரு ப்ரோட்டோசெராடாப்ஸும் சண்டை போட்ட நிலையிலேயே மணலில் புதைந்து கிடந்தன. வெலாசிராப்டரின் கால் நகம் எதிரியின் கழுத்துப் பக்கம். அதன் கை ப்ரோட்டோசெராடாப்ஸின் அலகுக்குள். கவனியுங்கள், கொம்பே இல்லாத ஒரு ஜீவன் அலகாலேயே எதிரியைத் தடுத்திருக்கிறது. பகைவனைச் சமாளிக்க அலகு போதும் என்றால், கொம்பும் விசிறியும் யாருக்காக?

விடை: தன் இனத்துக்காக

1975இல் ஃபார்லோ, டாட்சன் என்ற இரு விஞ்ஞானிகள் இன்றைய கொம்பு விலங்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மான் கொம்பு புலியைக் குத்தவா வளர்கிறது? பெரும்பாலும் இன்னொரு மானோடு மோதத்தான். அல்லது மோதாமலே பயமுறுத்தத்தான். இங்கேயும் அப்படித்தான் என்றார்கள். பிறகு வந்த சான்றுகள் அந்தப் பக்கமே சாய்ந்தன.

முதல் சான்று, வளர்ச்சி. ப்ரோட்டோசெராடாப்ஸ் குட்டிகளின் விசிறி சின்னது. வளர வளர உடம்பை விட வேகமாக விசிறி பெரிதாகிறது என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. பாதுகாப்புக்குத்தான் என்றால் குட்டிக்கு அல்லவா அது முதலில் தேவை? ட்ரைசெராடாப்ஸிலும் குட்டியின் கொம்பு பின்னால் வளைந்திருக்கும், பெரியதன் கொம்பு முன்னால் வளைந்திருக்கும். இதை 2006இல் ஹார்னரும் குட்வினும் மண்டையோடுகளை வயது வரிசையில் அடுக்கிக் காட்டினார்கள். பார்த்த உடனே யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது சான்று, காயங்கள். 2009இல் ஃபார்க் குழுவினர் ட்ரைசெராடாப்ஸ் மண்டையோடுகளையும், மூக்கில் பெரிய கொம்பு உள்ள சென்ட்ரோசாரஸ் மண்டையோடுகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ட்ரைசெராடாப்ஸ்கள் கொம்பைப் பிணைத்து மோதினால் எங்கே குத்து விழும்? விசிறியின் பக்கவாட்டு எலும்பில். சென்ட்ரோசாரஸை விட ட்ரைசெராடாப்ஸில் அந்த எலும்பில்தான் காயங்கள் அதிகம் இருந்தன. 2021இல் பாரிஸில் ஏலம் போன 'பிக் ஜான்' என்ற ட்ரைசெராடாப்ஸின் விசிறியில் சாவித் துவாரம் போல ஓர் ஓட்டை உண்டு. இன்னொரு ட்ரைசெராடாப்ஸ் குத்திய காயமாக இருக்கலாம் என்றும், ஆறத் தொடங்கிய பிறகுதான் அது இறந்தது என்றும் 2022இல் வந்த ஆய்வு சொன்னது.

மூன்றாவது சான்று, விதவிதமான அலங்காரம். யூட்டாவில் கிடைத்த காஸ்மோசெராடாப்ஸின் தலையில் 15 கொம்புகள். பேக்கிரைனோசாரஸுக்கு மூக்கில் கொம்பே இல்லை, தடித்த எலும்பு மேடுதான். எல்லாம் ஒரே எதிரியைக் குத்தவே என்றால் இத்தனை வடிவம் எதற்கு? மயில் தோகை போல, துணையைக் கவரவும் போட்டியாளரை மிரட்டவும் வளர்ந்தவை என்றால்தான் பொருந்துகிறது.

பார்க்க ஆள் இருந்தால்தானே அலங்காரம்? இருந்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பைப்ஸ்டோன் ஓடையில் ஒரே இடத்தில் ஏராளமான பேக்கிரைனோசாரஸ் எலும்புகள், குட்டியிலிருந்து பெரியவை வரை கிடைத்தன. அதே மாநிலத்தில் ஹில்டா அருகே ஆயிரக்கணக்கான சென்ட்ரோசாரஸ்கள் வெள்ளத்தில் மாண்ட எலும்புப் படுகை இருப்பதாக 2010இல் அறிவித்தார்கள். கூட்டமாக வாழ்ந்த விலங்குகள் இவை.

அப்படியானால் டி-ரெக்ஸ் சண்டை பொய்யா? அதுவும் இல்லை. டி-ரெக்ஸ் கடித்து, பிறகு ஆறிப்போன கொம்போடு ஒரு ட்ரைசெராடாப்ஸ் கிடைத்திருக்கிறது. கடிபட்டும் பிழைத்திருக்கிறது! ஆபத்து வந்தால் கொம்பு உதவியது. ஆனால் கொம்பு வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் அதுவல்ல.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது கடைசிவரை இருந்த டைனோசர்களில் ட்ரைசெராடாப்ஸும் ஒன்று. அதோடு இந்தக் குடும்பம் முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். கொம்பைப் பார்த்ததும் எருமை என்றோம். முட்டையைப் பார்த்ததும் திருடன் என்றோம். விசிறியைப் பார்த்ததும் போர்க் கேடயம் என்றோம். ஒவ்வொரு முறையும் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் எலும்பில் பார்த்தோம். அடுத்த எலும்பு வந்து திருத்திய பிறகு, தப்பு என்று ஒப்புக்கொண்டோம். அந்த ஒப்புக்கொள்ளுதல்தான் விஞ்ஞானத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது அந்தப் பொம்மைகள் கிடைத்தால், ட்ரைசெராடாப்ஸுக்கு எதிரே இன்னொரு ட்ரைசெராடாப்ஸைத்தான் நிறுத்துவேன்!