அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளின் இணைய நேரலை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையே நடைபெறும் கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து முதலிய ஆட்டங்களை நடக்கும்போதே இணையத்தில் காணொளியாக அளிக்கும் முறை 2000களின் பிற்பகுதியில் தொடங்கி விரைவில் நாடெங்கும் பரவியது. இன்று இது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் வருவாய்களில் ஒன்று. பல பள்ளிகளில் இது ஒரு பாடமும்கூட. ஆனால் இதன் வரலாற்றைக் கேமராவிலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும். நுழைவுச்சீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு

இங்கே கால்பந்து எனப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. இலையுதிர் காலத்தில் வெள்ளி இரவு பள்ளி அணிகளுக்கு, சனிக்கிழமை கல்லூரிகளுக்கு, ஞாயிறு தொழில்முறை அணிகளுக்கு என்று நெடுங்காலமாக ஒரு பங்கீடு உண்டு. சிற்றூர்களில் வெள்ளி இரவு ஆட்டம் ஏறக்குறைய ஊர்த்திருவிழா. அன்று கிடைக்கும் சீட்டுப் பணமும், ஆதரவாளர் சங்கத்தார் நடத்தும் தின்பண்டக் கடையின் வரவும் கால்பந்துக்கு மட்டும் போவதில்லை. கூட்டம் சேராத டென்னிஸ், கோல்ஃப், நெடுந்தூர ஓட்டம் போன்றவற்றின் பயணச் செலவையும் சீருடைச் செலவையும் பல பள்ளிகளில் அந்தப் பணம்தான் தாங்குகிறது.

தொலைக்காட்சி பரவியபோது இந்த வரவு குறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1961இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறைக் கால்பந்து அணிகள் ஒன்றுசேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க வழிவிட்டது. அதே சட்டம் கல்லூரி ஆட்டங்களுக்கு ஒரு வேலியும் போட்டது. 1966இல் அந்த வேலிக்குள் பள்ளி ஆட்டங்களும் சேர்க்கப்பட்டன. செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பிறகும் சனிக்கிழமையும், பள்ளி அல்லது கல்லூரி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் உள்ள நிலையங்கள் வழியே தொழில்முறை ஆட்டத்தைக் காட்டினால் அந்தச் சட்டச் சலுகை கிடைக்காது. கோடிகள் புரளும் ஒரு தொழில், பள்ளி மைதானத்தின் சீட்டு விற்பனைக்காக ஒதுங்கி நிற்பது வியப்புக்குரியதுதான்.

டெக்சாஸ் மாநிலப் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் இன்னும் ஒரு படி மேலே போனது. வெள்ளி இரவில் பள்ளிகளின் முதல்நிலைக் கால்பந்து ஆட்டங்களையே நேரடியாகக் காட்டக் கூடாது என்பது அதன் விதி. பெரிய ஊரின் ஆட்டம் திரையில் தெரிந்தால் பக்கத்துச் சிற்றூரின் மைதானம் காலியாகிவிடும் என்ற கவலையே காரணம். வானொலி வர்ணனைக்குத் தடை இருந்ததில்லை. இணையம் வந்தபோது இந்த விதி காணொளி நேரலைக்கும் பொருந்தியது.

உரிமை யாருடையது?

2007இல் யூஸ்ட்ரீம் போன்ற தளங்கள் வந்தபின், ஒரு கேமராவும் மடிக்கணினியும் வைத்திருந்த எவரும் நேரலை நடத்தலாம் என்ற நிலை ஏற்பட்டது. அயல்நாட்டில் பணிபுரியும் படைவீரர்கள் குடும்பத்தாருடன் தொடர்புகொள்ள உதவும் எண்ணத்தில் பிறந்த தளம் யூஸ்ட்ரீம். மகன் ஆடும் ஆட்டத்தைத் தொலைவிலிருந்து காண விரும்பிய தந்தைக்கும் அது பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எவரும் காட்டலாம் என்றானதும், காட்டும் உரிமை யாருக்கு என்ற வழக்கு வந்தது. விஸ்கான்சின் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தன் இறுதிக்கட்டப் போட்டிகளின் நேரலை உரிமையை ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்குத் தனியுரிமையாக வழங்கியிருந்தது. 2008இல் கேனட் குழுமத்தின் நாளிதழ் ஒன்று, அனுமதி பெறாமலும் கட்டணம் செலுத்தாமலும் நான்கு கால்பந்து ஆட்டங்களை இணையத்தில் முழுமையாகக் காட்டியது. சங்கம் நீதிமன்றம் சென்றது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளின் ஆட்டம் பொதுச் செய்தி, அதைக் காட்டுவது பத்திரிகைச் சுதந்திரம் என்பது நாளிதழ்த் தரப்பின் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று.

2011 ஆகஸ்டில் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்டத்தைப் பற்றி எழுதலாம், பேசலாம், வீரர்களைப் பேட்டி காணலாம். ஆனால் ஆட்டம் முழுவதையும் அப்படியே ஒளிபரப்புவது செய்தி கூறுதல் ஆகாது என்றது. இதற்கு நீதிமன்றம் துணைகொண்ட முந்தைய தீர்ப்பு சுவையானது. ஹியூகோ சாக்கினி என்பவர் பீரங்கியிலிருந்து தம்மையே எறியச் செய்து வலையில் போய் விழும் வித்தைக்காரர். ஒஹாயோவில் ஒரு சந்தையில் அவர் செய்த 15 விநாடி வித்தையை ஒரு தொலைக்காட்சி நிலையம் முழுவதுமாகக் காட்டிவிட்டது. 1977இல் உச்ச நீதிமன்றம் சாக்கினிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பீரங்கி மனிதருக்குக் கிடைத்த பாதுகாப்பு, 34 ஆண்டுகள் கழித்துப் பள்ளிக் கால்பந்துக்கும் உதவியது.

உரிமை தமதே என்று உறுதியானதும் சங்கங்கள் அதை ஒன்றுதிரட்டத் தொடங்கின. 1920இல் தோன்றிய மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, தன் உறுப்புச் சங்கங்களுடனும் பிளேஆன் என்ற நிறுவனத்துடனும் சேர்ந்து 2013இல் என்.எஃப்.எச்.எஸ். நெட்வொர்க் என்ற சந்தா நேரலைத் தளத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் மாணவர்களே ஒளிபரப்பைத் தயாரிக்கும் திட்டமும் அதில் இருந்தது.

மாணவர் குழுவின் வேலை

நன்றாக நடக்கும் ஒரு பள்ளி நேரலையில் பாதி வேலை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம். சாதாரண உயர்தெளிவுக் காணொளிக்கு நொடிக்கு 3 முதல் 5 மெகாபிட் தேவை; அதைப்போல் இரு மடங்கு கையில் இருந்தால்தான் நிம்மதி. மதியம் காலியான மைதானத்தில் சோதித்தபோது ஓடிய வைஃபை, இரவில் ஆயிரம் பேர் கைப்பேசியுடன் வந்து அமர்ந்ததும் திணறிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் கம்பி இணைப்பையே வலியுறுத்துகிறார்கள்.

கேமரா மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, உயரத்தில், மாலை வெயில் பின்னால் விழுமாறு நிற்க வேண்டும். உள்ளரங்கில் சிக்கல் வேறு. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி கொண்டது. ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாவிட்டால் விளக்கொளி படத்தில் துடிக்கும். வர்ணனையாளருக்கு ஒரு மைக், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இன்னொரு மைக் தேவை. இரண்டாவதை மறந்துவிட்டால் ஆட்டம் யாருமற்ற வீதியில் நடப்பதுபோல் ஒலிக்கும். ஒரு மாணவர் ஸ்கோரை மட்டும் கவனித்துத் திரையில் மாற்றுவார். தவறினால் முதலில் தொலைபேசி அவர் வீட்டிலிருந்தே வரும்.

கருவியைவிடக் கடினமானது நடத்தை. எதிரணிப் பள்ளிக்கு முன்கூட்டியே பேசி வீரர் பட்டியலையும், பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆடுபவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். தொழில்முறை வீரரைக் கடிந்துகொள்வதுபோல் பந்தைத் தவறவிட்ட பிள்ளையை வர்ணனையில் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருவர் அடிபட்டு விழுந்தால் கேமரா அவரை நெருங்காது. மைதானம் முழுவதையும் காட்டும் அகன்ற காட்சிக்கு விலகிப் போகும்.

இடைவேளையில் இன்னொரு தொல்லை காத்திருக்கும். பள்ளி இசைக்குழு திரைப்பாடல் அல்லது பாப் பாடல் ஒன்றை வாசிக்கும். மைதானத்தில் வாசிப்பதற்கான உரிமம் இணையத்தில் ஒளிபரப்பப் போதாது. ஆகவே பல நேரலைகளில் இசைக்குழு வரும்போது ஒலி அடைக்கப்படுகிறது, அல்லது விளம்பரப் பலகை காட்டப்படுகிறது. மாதக்கணக்கில் பயிற்சி செய்த குழந்தைகளின் வாசிப்பை ஊமைப்படமாகப் பார்க்கும் பெற்றோரின் மனக்குறை நியாயமானதே.

2020உம் அதன் பின்னும்

கொரோனாப் பரவல் பழைய அச்சத்தைத் தலைகீழாக்கியது. பென்சில்வேனியாவில் 2020 இலையுதிர் காலத்தில் வெளியரங்கில் 250 பேர், உள்ளரங்கில் 25 பேர் என்று வரம்பு இருந்தது. இரண்டு கால்பந்து அணிகள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் எல்லாரையும் கூட்டினாலே வெளியரங்கு வரம்பின் பெரும்பகுதி நிரம்பிவிடும், பெற்றோருக்கு இடமில்லை. மைதானத்தைக் காலியாக்கும் என்று அஞ்சப்பட்ட நேரலை, காலியான மைதானத்துக்கு ஒரே மாற்றானது. டெக்சாஸ்கூட அந்த ஆண்டு வெள்ளி இரவு விதியைத் தளர்த்தியது. நுழைவுச்சீட்டில் இழந்ததன் ஒரு சிறு பகுதியையாவது நேரலைக் கட்டணத்தில் மீட்கப் பள்ளிகள் முயன்றன.

இதே காலத்தில் ஆளில்லாக் கேமராக்கள் பெருகின. இஸ்ரேலின் பிக்ஸெல்லாட் நிறுவனம் செய்யும் கருவியில் பல லென்சுகள் ஒரே பெட்டியில் இருக்கும். அவை மைதானம் முழுவதையும் ஒருசேரப் படமெடுக்க, மென்பொருள் பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடர்ந்து வேண்டிய பகுதியை வெட்டிக் காட்டும். என்.எஃப்.எச்.எஸ். நெட்வொர்க் 2020இல் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இத்தகைய கேமராக்களை இலவசமாகத் தர முன்வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரில் நடந்த தொழில்முறைக் கால்பந்து ஆட்டம் ஒன்றில், இவ்வகைக் கேமரா கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணி மீண்டும் மீண்டும் அதையே காட்டியது உலகெங்கும் சிரிப்பை மூட்டியது.

ஆனால் இந்த இயந்திரங்களைச் சிரித்து ஒதுக்க முடியாது. இளநிலை மாணவியர் கைப்பந்து, இரண்டாம் நிலை அணிகளின் கூடைப்பந்து போன்ற ஆட்டங்களுக்கு முன்பெல்லாம் கேமராவே வந்ததில்லை. பொத்தானை அழுத்தவும் ஆள் தேவையில்லாத கருவி வந்தபின் அவையும் திரைக்கு வந்தன. நெட்வொர்க்கின் வரவில் கண்ணிருப்போருக்கு எண்ணிக்கை முக்கியம். பாட்டி தாத்தாவுக்குப் பேத்தி தெரிந்தால் போதும். இழப்பு மாணவர் குழுவுக்குத்தான். ஆளில்லாக் கேமராவின் ஆட்டத்தில் பெரும்பாலும் வர்ணனை இருக்காது. அடிபட்டவரிடமிருந்து எப்போது விலக வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. இதனால் சில பள்ளிகள் உள்ளரங்கின் அன்றாட ஆட்டங்களை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, வெள்ளி இரவுக்கு மட்டும் மாணவர் குழுவையும் மூன்று நான்கு கேமராக்களையும் இறக்குகின்றன. வேறு சில, இயந்திரம் தரும் படத்தின் மேல் மாணவர்களின் குரலையும் ஸ்கோரையும் ஏற்றி அனுப்புகின்றன.